ஷவரைக் கட்டிய காலை

எங்கள் வீட்டுக்கு ஷவர் அழகுக்காக வந்ததல்ல. என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன பிறகு, அதுவரை பக்கெட்டும் சொம்புமாக இருந்த குளியலறையில் சுவரைக் குடைந்து குழாய் ஏற்றி மாட்டியது அது. அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இடுப்பில் துண்டோடு அதில் உட்கார்ந்து, இடது கையால் சுவரிலிருக்கும் குழாயைத் திருகினால் தண்ணீர் தலையில் விழும். கையைத் தூக்க வேண்டாம், யாரையும் கூப்பிடவும் வேண்டாம். அந்த இரண்டாவது விஷயம்தான் அவருக்கு முக்கியம்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வார்டு ஆள் ஒருவர் அவரைக் குளிப்பாட்டினார். நல்ல மனிதர், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அது முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த மாமா, சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கணவர், வேலைக்குப் போகும் முன் நானே குளிப்பாட்டிவிட்டுப் போகிறேன் நைனா என்றார். மாமா இடது கையை ஆட்டி மறுத்துவிட்டார். பெற்ற பிள்ளை அப்பனுக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் ஒன்று வரும், அன்றைக்கு ஊற்று என்று குழறிக் குழறிச் சொன்னதை என் கணவர்தான் எனக்குப் புரியவைத்தார். அது எந்த நாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் கணவர் ஷவர் மாட்ட ஆள் தேடப் போய்விட்டார்.

மாமாவுக்கு ஒரு சட்டம் உண்டு. குளித்து, நெற்றியில் விபூதி பூசி, ஜன்னல் வழியாக முருகன் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டால்தான் வாயில் எதையும் வைப்பார். காபிகூடக் கிடையாது. பஸ் கண்டக்டராக இருந்தபோது முதல் டிரிப்புக்கு விடியுமுன் கிளம்பினாலும் இதே சட்டம்தானாம். மாத்திரைக்கு மட்டும் விதிவிலக்கு. அது மருந்து, சாப்பாட்டில் சேராதாம். சிக்கலே அங்கேதான். காலையில் எழுந்ததும் அவரே எடுத்துப் போட்டுக்கொள்ளும் சர்க்கரை மாத்திரை, போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டிய ரகம். தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி ஆள் வேர்த்து, நடுங்கி, சாய்ந்துவிடுவார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஆக மாத்திரைக்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு குளியல், அந்தக் குளியலுக்கு ஒரு ஷவர். தினமும் காலையில் என் உயிர் அந்த வட்டத் தகட்டின் ஓட்டைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பேச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. திருத்தணியில் இது ஒரு செய்தியே இல்லை. பஸ் திருப்பதிக்குப் போகும்போது தெலுங்கில் டிக்கெட் கேட்டுவிட்டுத் திரும்பும்போது தமிழில் கேட்டவர் அவர். நான் அரக்கோணத்துக்காரி, தமிழ் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னோடு தமிழில்தான் பேசினார். தெலுங்கெல்லாம் மாமியாரோடு மட்டும், அதுவும் எனக்குத் தெரியக்கூடாத விஷயமாக இருந்தால். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தெலுங்கும் வீட்டில் அடங்கிப் போயிற்று. பக்கவாதம் என்ன செய்ததோ, அவருடைய தமிழை முக்கால்வாசி அள்ளிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது சின்ன வயதுத் தெலுங்கு, அதுவும் வாய் கோணிப்போனதில் பாதி எழுத்தை விழுங்கிய தெலுங்கு. 'ரா' என்றால் வா, 'தினு' என்றால் சாப்பிடு, 'வத்து' என்றால் வேண்டாம். என் படிப்பு அவ்வளவுதான். மற்றதை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் உப்போ உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படியும். ஷவரை மட்டும் அது சும்மா விடுமா? வருஷம் திரும்புவதற்குள் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டது. மீதி ஓட்டைகளின் தண்ணீர் தனித்தனியாகப் பிரிந்து போகத் தொடங்கியது. ஒரு கம்பி கதவுக்கு, ஒன்று சோப்புப் பெட்டிக்கு, ஒன்று நேராகக் கூரைக்கு. நாற்காலியில் இருந்தவர் மேல் மட்டும் விழவில்லை. மாமா தண்ணீரைத் தேடி நாற்காலியை நகர்த்த ஆரம்பித்தார். கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது எங்களுக்குள் ஏற்பாடு. நான் சமையலறையில் நின்றபடி காதை அங்கேயே வைத்திருப்பேன். ஈரத் தரையில் நாற்காலிக் கால் கிரீச்சென்று இழுபடும் சத்தம் கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் ஓடுவேன். வழுக்கினால் தாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு கைதானே இருக்கிறது.

பிளம்பர் ஒருவரைப் பிடித்துப் பேசினேன். "தோ வந்துகினே இருக்கேங்க்கா" என்றார். அடுத்த நாளும் வந்துகொண்டே இருந்தார். அதற்கடுத்து கிருத்திகை. கிருத்திகை என்றால் மலையடிவாரத்து லாட்ஜ்களில் எல்லாம் கூட்டம் வழியும், எங்கேயாவது ஒரு குழாய் உடைந்துகொண்டே இருக்கும், ஊரிலிருக்கிற பிளம்பர்கள் எல்லாரும் அங்கேதான் கிடப்பார்கள். எங்கள் தெருமுனையில் திரும்பிவிட்டேன் என்று அவர் சொன்னபோது போனில் பின்னாலிருந்து அரோகரா சத்தம் கேட்டது. எங்கள் தெருமுனையில் யாரும் அரோகரா போடுவதில்லை.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கிருத்திகைக்கு முந்தின நாள் மத்தியானம் நானே கழற்றிவிட்டேன். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒரு பையன் கண்ணாடி மாதிரி மின்னும் குளியலறையில் நின்று, விரலால் தொட்டதும் ஷவர் பூப்போல கழன்று வந்தது. எங்களுடையது உப்பேறி இறுகிக் கிடந்தது. குறடு போட்டுத் தொங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கழன்றதை வினிகரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு ஓட்டையாக ஊக்கால் குத்தி எடுத்தேன். உப்பு பொடிப்பொடியாக வந்தது. பக்கத்து வீட்டம்மா எலுமிச்சம்பழம்தான் சரி என்றார், அதையும் தேய்த்தேன். சாயங்காலம் வெள்ளை டேப் சுற்றி மறுபடி மாட்டி, கையால் முடுக்கி, பிறகு கோபத்தில் குறடாலும் முடுக்கினேன். கையோடு, ஒழுகிக்கொண்டிருந்த சுவர்க் குழாயையும் ஒரு முடுக்கு முடுக்கினேன். டேங்கில் தண்ணீர் இல்லாததால் திறந்து பார்க்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் கணவர் வழக்கம்போல் சென்னை ரயிலுக்குப் போய்விட்டார். மாமா மாத்திரை போட்டார். நான் இட்லி ஊற்றிவிட்டு வந்து குழாயை இரண்டு கையாலும் திருகித் திறந்தேன். ஷவர் ஓட்டைகளில் ஒரு சொட்டு வரவில்லை. அதன் கழுத்தில், நான் டேப் சுற்றிய இடத்தில், தண்ணீர் விசிறி மாதிரி பீறிக்கொண்டு பின்பக்கமாகச் சுவரில் அடித்தது. நாற்காலி காய்ந்தே கிடந்தது.

கழற்றினேன், டேப்பைப் பிரித்தேன், மறுபடி சுற்றினேன். கழுத்தின் மரை தேய்ந்துபோயிருந்தது, என் வீரத்தின் பலன். கணவருக்குப் போன் போட்டால், "டேப்பு எந்தப் பக்கமா சுத்துன?" என்று கேட்டார். அதற்குள் சிக்னல் போய்விட்டது. மரை தேய்ந்த பிறகு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன. பிளம்பரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இட்லி வெந்து இறக்கியாயிற்று. மாமா துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றார், கியூவில் நிற்கிறவர் மாதிரி.

பக்கெட்டில் தண்ணீர் பிடித்துச் சொம்பை அவருடைய இடது கையில் கொடுத்துப் பார்த்தேன். பழக்கமில்லாத வயதான கை, தோள் வரைக்கும்தான் தூக்க முடிந்தது. சொம்பு சாய்ந்து மடியில் கொட்டியது, அடுத்த தடவை கையிலிருந்தே நழுவி விழுந்தது. அவர் சொம்பு உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியால் துடைத்துவிடட்டுமா என்றேன், வத்து. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்றேன், வத்து. எனக்கே கூச்சமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன்.

"நான் ஊத்தட்டுமா மாமா? கண்ண மூடிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் தலையைத் தொங்கப் போட்டு, மெதுவாக, வத்தம்மா என்றார். அதட்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். மாத்திரை போட்ட நேரம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஷவர் மேல், பிளம்பர் மேல், சென்னை ரயில் மேல், கிருத்திகை மேல், இந்த மனிதரின் வைராக்கியத்தின் மேல் எல்லாம் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அழுதால் நேரம்தான் போகும் என்று அழவில்லை.

அவரே என்னை விலகச் சொல்லிக் கை காட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். சுவரில் அடிக்கிற தண்ணீராவது தெறித்து மேலே படட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. குழாயை நானே திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கட்டும்மா."

கட்டு என்றா சொல்கிறார்? உடனே எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. கழுத்தில் துணியைக் கட்டினால் தண்ணீர் துணி வழியாக நேரே கீழே இறங்கும். டேங்க் பைப் ஒழுகினால் எங்கள் அம்மா வீட்டிலும் அப்படித்தான் கட்டுவோம். இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே, மாமாவுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது பார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பழைய நூல் புடவையில் ஒரு கிழி கிழித்து எடுத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே போய், எக்கி நின்று ஷவர் கழுத்தில் இறுக்கி முடிந்துவிட்டு வெளியே வந்தேன்.

"கட்டு. கட்டேய்."

இன்னும் இறுக்கமாகக் கட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு கிழி கிழித்து, அதே மாதிரி அவரைப் பாராமல் போய், முதல் கட்டின் மேல் இரண்டாவது கட்டுப் போட்டேன். துணி நனைந்து, தண்ணீர் அதன் வழியாகக் கயிறு மாதிரி இறங்க ஆரம்பித்தது. வேலை செய்கிறது மாமா என்று சொல்லிவிட்டு வந்து நின்றேன். உள்ளே சுவரில் உள்ளங்கையால் அடிக்கிற சத்தம் கேட்டது. மறுபடி அதே சொல், இந்தத் தடவை குரலே இல்லாமல் காற்று மட்டும் வந்தது. அப்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உள்ளே போனேன்.

அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். உதடு வெளுத்து, தாடை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. துணி வழியாக இறங்கிய தண்ணீர் ஒரே தோளில் விழுந்து மடியில் ஓடிக்கொண்டிருந்தது. இடது கை குழாயைப் பிடித்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முடுக்கிவைத்த குழாய், நானே இரண்டு கையால் திறந்த குழாய். அந்தக் கையால் அதை அசைக்கக்கூட முடியவில்லை.

நான் பாய்ந்து மூடினேன். உலர்ந்த துண்டு இரண்டை அவர் மேல் போர்த்தி, சமையலறைக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவோடு வந்தேன். ஒரு கரண்டி அள்ளி வாயருகில் கொண்டுபோனால் அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணை மட்டும் மேலே தூக்கி என்னைப் பார்த்து, ஸ்நானம் என்று இழுத்தார். குளித்தாயிற்றா என்று கேட்கிறார். பல் கிட்டிக்கொண்டு நடுங்கும்போதும் மனிதருக்குச் சட்டம்தான் முன்னால் நிற்கிறது. அவருடைய தலைமுடி அப்படியே காய்ந்து கிடந்தது. சோப்பு உறைகூடப் பிரியவில்லை.

"ஆங் மாமா, குளிச்சாச்சு. தலைக்கே ஊத்திகினீங்க" என்றேன்.

சொல்லிக்கொண்டே என் ஈரக்கையை அவர் தலையில் ஒருமுறை தடவினேன். ஓடிப்போய் விபூதியைக் கொண்டுவந்து நெற்றியில் இழுத்தேன். நெற்றியில் விபூதி பட்டதும் வாயைத் திறந்தார். சர்க்கரையைப் போட்டேன், பால் கொடுத்தேன், இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் தாடை ஆடுவது நின்றது. கை கால் சூடாயிற்று. அதற்குப் பிறகுதான் சமையலறையில் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் கணவர் போனில் கிடைத்தார். நடந்ததைச் சொன்னேன். கட்டு என்றாரே, கட்டினேனே, அப்புறமும் ஏன் சுவரில் அடித்தார் என்று கேட்டேன்.

"ஐயோ, கட்டேய்னா தெலுங்குல குழாய மூடுன்னு அர்த்தம்" என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நைனா தண்ணிய நிறுத்தச் சொல்லிகினு இருந்திருக்காரு."

வாழ்நாளெல்லாம் பஸ்ஸை நிறுத்த 'ஹோல்டான்' என்று கத்திய மனிதர். அதைச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் நிறுத்து நிறுத்து என்று கெஞ்ச, நான் புடவையைக் கிழித்துக் கிழித்துக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். போனை வைத்த பிறகு மாமாவின் அறையை எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். விபூதி தலையணையில் அப்பியிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதை எந்த மொழியில் கேட்பது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம், கூட்டம் வடிந்த பிறகு பிளம்பர் ஒருவழியாக வந்தார். என் கட்டுகளைப் பார்த்து, யாருக்கு அடிபட்டதென்று கேட்டுச் சிரித்தார். புது ஷவர், புதுக் குழாய், விரலால் தள்ளினாலே திரும்புகிற கைப்பிடி. திறந்து காட்டினார். தண்ணீர் ஒரு கம்பிகூட விலகாமல் நாற்காலியின் நடுவில் நேராக விழுந்தது. அவர் போன பிறகும் நான் அடியில் கையை நீட்டிப் பார்த்தேன். மூடினேன், திறந்தேன், இடது கையால் ஒருமுறை திறந்து பார்த்தேன். நாளைக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமா மாத்திரை போட்டார். துண்டு, சோப்பு, நாற்காலி எல்லாம் சரி பார்த்து, புதுக் கைப்பிடியை எப்படித் தள்ளுவது என்று காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சமையலறையில் நின்று தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. இட்லித் தட்டை எடுத்து வைத்தேன், சட்னியை மூடினேன். அப்போதும் வரவில்லை. மாமா என்று கூப்பிட்டேன். பதில் இல்லாததால் கதவைத் தள்ளினேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழாயைத் தொடவே இல்லை. முந்தின நாள் நான் பிடித்துவைத்த பக்கெட் மூலையில் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு இடது கையில் வைத்திருந்தார். நான் வந்தது தெரிந்ததும் திரும்பாமலே சொம்பைப் பின்பக்கமாக நீட்டினார்.

"பொய்யி" என்றார்.

தெரிந்துவிட்டது, தலையில் தண்ணீரே படாமல் குளித்தாயிற்று என்று நான் சொன்ன பொய் அவருக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை இறங்கினால் ஆளே போய்விடுவார் மாமா, வேறு என்ன செய்வேன் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினேன். அவர் சொம்பை இன்னும் கொஞ்சம் நீட்டினார். சொம்பில் தண்ணீர் தளும்பியது.

"பொய்யம்மா."

நேற்றுப் பட்ட பாடு போதும் என்று இந்த முறை ஊகிப்பதை நிறுத்திவிட்டு, நீட்டிய கையைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். மாமியார் உயிரோடு இருந்தபோது எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து இவர் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார், அந்த அம்மா வெந்நீரும் சொம்புமாகப் போவார். அப்போது கேட்ட தெலுங்குச் சொல் இது. ஊற்று என்கிறார்.

மேலே புது ஷவர் இருக்கிறதே மாமா, தள்ளினால் போதுமே என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வத்து என்றார். அந்தக் குழாயைத் தொட அவருக்குப் பயம். திறந்தால் மூட முடியாமல் போகும், கூப்பிட்டால் வருகிறவளுக்கும் புரியாது. பெற்ற பிள்ளையைக்கூட வேண்டாம் என்றவர் என்னிடம் சொம்பை நீட்டுகிறார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கையாலாகாத்தனம்தான். ஆனால் மாத்திரை போட்டு நேரமாகிக்கொண்டிருந்தது. சொம்பை வாங்கிக்கொண்டேன்.

தலைக்கு ஊத்தறேன் மாமா, கண்ண மூடிக்கோங்க என்றேன். அவர் ஏற்கெனவே இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.